கொடைக்கு வீடியோ ஸ்டுடியோ பிடிக்கிறீர்களா? பில்லின் பின்பக்கத்தையும் படியுங்கள்

போன சித்திரையில் எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வீடியோ எடுக்கவும் லைவ் போடவும் பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவைப் பிடித்தோம். இந்த வருடக் கொடைக்குக் கால் நாட்டியாகிவிட்டது, அதே ஸ்டுடியோதான் மறுபடியும் வருகிறது, ஆனால் இடையில் நடந்தது கொஞ்சநஞ்சமல்ல என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். பெயரைப் போடப்போவதில்லை. பேசித் தீர்த்த பிறகு பொதுவில் பெயரைச் சொல்லி நாறடிப்பது முறையில்லை. அதோடு நான் கேட்டு வாங்கிப் பார்த்த வேறு நாலு ஸ்டுடியோக்களின் பில்லிலும் பின்பக்கம் ஏறக்குறைய அதே வாசகம்தான் இருக்கிறது, ஆகவே இவர்களை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன், அதில் குறையே கிடையாது. திங்கள் ராத்திரி சாமியை அழைக்கிற குடியழைப்பிலிருந்து புதன் காலை வரைக்கும் மூன்று கேமரா, ஒரு ட்ரோன், லைவ், கடைசியில் பென்டிரைவில் முழு வீடியோ, எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய். கொடைக்கு வரி (ஊர்ப்பங்கு) கொடுத்த ஆட்களில் பாதிப்பேர் "எதுக்குல இவ்வளவு?" என்று கேட்டார்கள். படம் பார்த்த பிறகு யாரும் கேட்கவில்லை. வில்லுப்பாட்டுக்கு இவர்கள் மைக் வைத்த விதம் மட்டுமே அந்தக் காசுக்குத் தகும். மற்ற ஊர் வீடியோக்களில் ஸ்பீக்கர் செட்டிலிருந்து ஒரே ஒரு வயரை இழுத்துவிடுவார்கள், பாட்டும் உடுக்கையும் ஒன்றாகக் குழைந்து கஞ்சி மாதிரி வரும். இவர்கள் குடத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சின்ன மைக், பாட்டை நடத்துகிற அண்ணாவி அம்மாவுக்குத் தனி மைக், வில்லுக்குக் கீழே ஒன்று. வீசுகோல் வில்லில் விழும்போது முதலில் கோல் தட்டுகிற சத்தம், அடுத்த நொடி வில்லில் கட்டியிருக்கிற மணியெல்லாம் சிலிர்க்கிற சத்தம், இரண்டும் தனித்தனியாகக் கேட்கிறது. நான் சின்ன வயதிலிருந்து பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவன், எனக்கே அது இப்படி இரண்டாகக் கேட்கும் என்று இந்த வீடியோவைப் பார்த்துத்தான் தெரிந்தது. சாமக்கொடைக்குச் சாமி வேட்டைக்குப் போகிற இடத்தில் தீப்பந்த வெளிச்சத்தை மட்டும் வைத்து எடுத்திருக்கிறார்கள், லைட்டைப் போட்டுக் கெடுக்கவில்லை. கேமராக்காரத் தம்பிக்குச் சாமி ஆடுகிறவர்களுக்கு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

சரி, இனி மற்றது.

செவ்வாய் ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும், தாராவியிலிருந்து அத்தான் போன். "என்னடே, லைவ் நின்னுட்டு? படமே வரமாட்டுக்கு." அடுத்து மஸ்கட், அடுத்து சென்னை. கொடைக்கு வர முடியாதவர்களிடமும் வரி வாங்கியிருக்கிறோம், அவர்களுக்காகத்தான் லைவே. என்ன ஆயிற்று என்றால், வில்லு ஓய்ந்த இடைவெளியில் ஸ்பீக்கர் செட்காரர் சினிமா பக்திப்பாட்டு நாலைந்தைத் தொடர்ந்து போட்டுவிட்டார். அது அப்படியே லைவில் போயிருக்கிறது. வீடியோ தளங்கள் ஓடுகிற ஒலியைத் தங்களிடம் பதிந்து வைத்திருக்கிற பாட்டுகளோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும், ஒத்துப்போனால் எச்சரிக்கும், கேட்காவிட்டால் லைவை நிறுத்தும். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் அந்த நேரம் பார்த்துச் சாப்பிடப் போயிருந்தான். சொதிச் சாப்பாடு என்றால் யார்தான் போகமாட்டார்கள், அதை விடுங்கள். ஆனால் பாட்டு ஓடும்போது லைவில் சத்தத்தை அடைத்துவிட வேண்டும் என்று ஸ்டுடியோவுக்குத் தெரியும், எங்களுக்குச் சொல்லவில்லை. இது முதல் குறை.

இதில் ஊரில் ஒரு வாக்குவாதம். "கோயில் கொடையில பாட்டுப் போடுறதுக்கு எவன்கிட்டவே கேக்கணும்?" என்றார் தர்மகர்த்தா மாமா. அவர் சொன்னதில் பாதி சரி. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவில், உண்மையான மதச் சடங்குகளில் பாட்டு ஒலிக்கவிட்டால் அது மீறல் இல்லை என்றே இருக்கிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அதில் சேரும். 2023 ஜூலையில் மத்திய அரசு கல்யாண வீட்டுப் பாட்டுக்குக் காசு கேட்கக் கூடாது என்று தனியாக ஓர் அறிவிப்பே விட்டது. ஆகப் பந்தலுக்குள் மாமா சொல்வது செல்லும். பந்தலிலிருந்து அந்தப் பாட்டு வயர் வழியாகத் தாராவிக்கும் மஸ்கட்டுக்கும் போய், அப்புறம் வருடக்கணக்கில் இணையத்தில் கிடப்பது வேறு சமாச்சாரம், அந்தச் சலுகை அதுவரைக்கும் நீளும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்கிற இயந்திரத்துக்கோ 52-வது பிரிவும் தெரியாது, சுடலைமாடனையும் தெரியாது.

இன்னொரு வேடிக்கை, ஓடிய பாட்டுகளில் ஒன்று பாரதி பாட்டு. பாரதி கடையத்து மாப்பிள்ளை, எங்களுக்குப் பக்கத்து ஊர், 1949-லேயே அவர் எழுத்துகளின் உரிமையை அன்றைய சென்னை மாகாண அரசு வாங்கி, பின்னர் பொதுவாக்கியாகிவிட்டது, பிறகு எப்படி நிறுத்தலாம் என்று நானே முதலில் குதித்தேன். வரிகள்தான் பொது. அதற்கு ஒருத்தர் மெட்டுப் போட்டு, ஒருத்தர் பாடி, ஒரு கம்பெனி பதிவு செய்து வெளியிட்ட ஒலிப்பதிவு பொது இல்லை, ஒலிப்பதிவுக்கு வெளியான அடுத்த வருடத்திலிருந்து 60 வருடம் உரிமை உண்டு. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதே வரிகளை மேடையில் தங்கள் மெட்டில் பாடியிருந்தால் ஒருவரும் கேட்க முடியாது. ஸ்பீக்கர் செட்டில் போட்டதால் மாட்டிக்கொண்டோம்.

இதெல்லாம் ஒரு ராத்திரி எரிச்சலோடு போயிருக்கும். பெரிய வினை இரண்டு மாதம் கழித்து வந்தது.

அத்தான் முழு வீடியோவிலிருந்து வில்லுப்பாட்டில் 14 நிமிடத்தை வெட்டித் தன் சேனலில் போட்டார். மறுநாளே உரிமைக் கோரிக்கை வந்துவிட்டது. இந்த ஒலி வேறொருவருக்குச் சொந்தம், விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகும் என்று. யார் என்று பார்த்தால் கேள்விப்படாத ஏதோ ஒரு விநியோகக் கம்பெனி. பிடித்து இழுத்துக்கொண்டு போனால் அது எங்கள் ஸ்டுடியோவில் போய் நின்றது. அவர்கள் எங்கள் கொடை வீடியோவைத் தங்கள் சேனலில் போட்டதோடு, வில்லுப்பாட்டுச் சத்தத்தைத் தனியாகப் பிரித்து, நாலு துண்டாக்கி, ஒரு விநியோகஸ்தர் மூலம் 'ஆல்பம்' என்று பதிந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தச் சத்தம் யார் வீடியோவில் வந்தாலும் இயந்திரம் பிடிக்கும். எங்கள் ஊர்ப் பையன்கள் போட்டிருந்த ஆறேழு சின்ன வீடியோக்களும் ஒரே வாரத்தில் மாட்டின.

அதையும் பொறுத்திருப்பேன். அண்ணாவி அம்மா நாங்குநேரிப் பக்கம், நாற்பது வருடமாக வில்லடிக்கிறவர். அவர் பேரன் அவருக்கென்று ஒரு சேனல் நடத்துகிறான். எங்கள் ஊரில் பாடியதைப் பந்தலில் நின்று தன் போனில் எடுத்து, அந்தச் சேனலில் போட்டிருக்கிறான். அதற்கும் கோரிக்கை. பாடியவர் அவர், தொண்டை அவருடையது, படமும் பேரன் எடுத்தது, உரிமை மட்டும் பாளையங்கோட்டையில்.

ஸ்டுடியோவுக்குப் போனேன். முதலாளி அண்ணாச்சி நல்ல மனுஷன்தான், காபி வாங்கிக் கொடுத்துவிட்டு பில் புத்தகத்தை எடுத்து என் கையெழுத்தைக் காட்டினார். "முன்பக்கம் சைன் போட்டிருக்கிய, பின்பக்கம் பாத்தியளா?" பின்பக்கம் பொடி எழுத்தில் பதினோரு நிபந்தனை. மழை வந்தால், கரண்ட் போனால், பென்டிரைவ் தொலைந்தால் என்று போய் ஒன்பதாவதாக: 'எடுக்கப்படும் படங்கள், வீடியோ, ஒலியின் முழு உரிமையும் ஸ்டுடியோவைச் சாரும்.' நான் படிக்கவில்லை. பேரம் பேசி 3,000 குறைத்து 42,000 ரூபாய்க்கு முடித்த சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டவன் நான், அதை மறைத்துப் பிரயோஜனமில்லை.

கோர்ட் பக்கம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் பில்லைக் காட்டினேன். அவர் சொன்னதை வைத்து நானும் சட்டத்தை எடுத்துப் படித்தேன், ஆகவே இந்தப் பகுதி கொஞ்சம் நீளும். நாம் காசு கொடுத்து, நமக்காக எடுக்கச் சொன்ன போட்டோவுக்கும் படத்துக்கும் முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான், எடுத்தவர் இல்லை. 17-வது பிரிவு. சட்டத்தின் கண்ணில் கல்யாண வீடியோவும் கொடை வீடியோவும் ஒரு சினிமாப் படம் மாதிரியே. பாதிப்பேர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், கேமரா யார் கையில் இருந்ததோ அவருக்கே உரிமை என்று. ஆனால் அந்தப் பிரிவிலேயே, வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் ஒப்பந்தப்படி என்றும் இருக்கிறது. ஸ்டுடியோக்கள் பின்பக்கத்தில் அந்த ஒரு வரியை அச்சடிப்பது இதற்காகத்தான்.

வக்கீல் அதிலும் ஓட்டை கண்டுபிடித்தார். உரிமையை எழுதிக் கொடுப்பதென்றால் 19-வது பிரிவுப்படி எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும், எத்தனை வருடம், எந்த எல்லைக்குள் என்று சொல்லியிருக்க வேண்டும். வருடம் சொல்லாவிட்டால் 5 வருடம் என்று எடுத்துக்கொள்ளப்படும், எல்லை சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். எங்கள் பில்லில் இரண்டும் இல்லை. "அப்போ மஸ்கட்காரன் தப்பிச்சிருவான், தாராவிக்காரன் மாட்டுவான்" என்று தர்மகர்த்தா மாமா சிரித்தார். எதிர்த்தரப்பு வேறு மாதிரி வாதாடலாம் என்றும் வக்கீல் சொன்னார். கோர்ட்டுக்குப் போகாமலே அந்தத் தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்கிற வழியும் இருக்கிறது, 36 மணி நேரத்துக்குள் அவர்கள் எடுக்க வேண்டும், ஆனால் 21 நாளுக்குள் கோர்ட் உத்தரவு கொண்டுவராவிட்டால் திரும்பப் போட்டுவிடலாம். 42,000 ரூபாய் வீடியோவுக்கு அதைவிடப் பெரிய வக்கீல் பில் எதற்கு என்று விட்டோம். (நடுவில் ஒருவர் வந்து, காப்பிரைட் பதிந்தால்தான் உரிமை, பதிந்து தருகிறேன் என்று கமிஷன் கேட்டார். பதிவு கட்டாயமே இல்லை, படத்துக்கு அரசுக் கட்டணம் 5,000 ரூபாய், தகராறு வந்தால் சாட்சியாக உதவும், அவ்வளவுதான்.)

வக்கீல் கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. வீடியோ உரிமை யாருக்கு என்று நீங்களும் ஸ்டுடியோவும் அடித்துக்கொள்ளலாம், ஆனால் அந்த அம்மா பாடியதை எழுதிக் கொடுக்க உங்கள் இருவருக்குமே அதிகாரம் இல்லை என்றார். பாடுகிறவர், ஆடுகிறவர், மேளம் அடிக்கிறவர் எல்லாருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக ஒன்று உண்டு, 50 வருடத்துக்கு. 2012-இல் சட்டத்தைத் திருத்தி அதை இன்னும் பலப்படுத்தினார்கள். அவர் சம்மதம் இல்லாமல் பதிவு செய்யவோ விற்கவோ முடியாது. எழுத்தில் சம்மதம் கொடுத்துப் படத்தில் சேர்த்துவிட்டால் பிறகு தடுக்க முடியாது, ஆனால் வியாபாரமாகப் பயன்படுத்தினால் பங்கு கேட்கலாம். சுடலைமாடன் கதை காலங்காலமாக வருவது, அது யாருக்கும் தனிச்சொத்து இல்லை. ஆனால் தொடக்கத்தில் எங்கள் ஊரையும் ஆற்றையும் வைத்து அம்மா ஒரு வாழ்த்துப் பாடுவார், அது அவரே கட்டியது. அது அவர் ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகு 60 வருடம் அவர் குடும்பத்துக்கு.

இந்தத் துருப்புச்சீட்டை எடுத்துக்கொண்டு ஜோராக நாங்குநேரிப் பக்கம் பைக்கை விட்டேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து வீசுகோலுக்குப் புதிதாக மணி கோத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"எம் பாட்ட அவிய எடுத்துக்கிட்டாவன்னு வாறிய தம்பி. சரிதான். நீங்க கேமரா வச்சப்போ எங்கிட்ட கேட்டியளா? லைவுன்னு பந்தலுக்கு வந்த பொறவுதான எனக்கே தெரியும்."

எனக்குப் பதில் இல்லை. ஊர்ப்பணத்தில் அவருக்குப் பேசியது பாடுவதற்கு. வீடியோ பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தான் 14 நிமிடம் வெட்டிப் போட்டபோதும் அவர் பெயரைக்கூடப் போடவில்லை, 'எங்க ஊரு வில்லுப்பாட்டு' என்றுதான் தலைப்பு. ஸ்டுடியோக்காரர் செய்ததைக் காசில்லாமல் நாங்களும் செய்திருக்கிறோம்.

அன்று ராத்திரி பேரனோடு உட்கார்ந்து அந்தக் கோரிக்கைக்கு ஆட்சேபம் போட்டோம். முதலில் அவனுடைய பயத்தைப் போக்க வேண்டியிருந்தது, சேனலையே மூடிவிடுவார்கள் என்று நினைத்து வீடியோவை அழிக்க இருந்தான். யூடியூப்பில் கோரிக்கை வேறு, ஸ்ட்ரைக் (சேனல் மேல் ஏறுகிற எச்சரிக்கைப் புள்ளி) வேறு. இயந்திரம் போடுகிற கோரிக்கையால் சேனலுக்குப் பங்கம் வராது, வருமானம்தான் கைமாறும். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் வந்தால்தான் சேனலுக்கே ஆபத்து. ஆட்சேபம் போட்டால் எதிராளிக்கு 30 நாள், அதற்குள் பதில் சொல்லாவிட்டால் கோரிக்கை தானாக விழுந்துவிடும். ஆனால் யோசிக்காமல் போடக் கூடாது, எதிராளி உறுதியாக நின்று வீடியோவையே நீக்கச் சொன்னால் ஸ்ட்ரைக் வரும். இங்கே பாடியவரே சொந்தமாகப் போட்டது, பயப்பட ஒன்றுமில்லை. அந்த இயந்திரத்தில் பதிய வேண்டுமென்றால் ஒலியின் உரிமை பதிகிறவருக்கு மட்டுமே முழுசாக இருக்க வேண்டும் என்பது அந்தத் தளத்தின் விதி. ஸ்டுடியோவிடம் அம்மாவின் கையெழுத்து ஒரு துண்டுத்தாளில்கூட இல்லை.

ஒன்பதாவது நாள் அண்ணாச்சியிடமிருந்து போன். விநியோகஸ்தர் அவரிடம் பாடியவரின் சம்மதக் கடிதம் கேட்டிருக்கிறார். "இவ்வளவு தூரம் போகும்னு நெனைக்கல அண்ணாச்சி, எல்லாரும் போடுதாவளேன்னு போட்டுட்டோம்" என்றார், அவர் என்னையும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார். நாலு துண்டையும் எடுத்துவிட்டார்கள், கோரிக்கையெல்லாம் கழன்றது. அதுவரை வந்த வருமானம் எவ்வளவு என்று கேட்டேன். 1,640 ரூபாய். இந்தச் சண்டைக்கு நான் போட்ட பெட்ரோல் அதற்கு மேல் வரும். அந்தப் பணத்தை அவரே நாங்குநேரிக்கு நேரில் போய்க் கொடுத்தார், ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு. இதற்காகத்தான் அவருக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்கலாம் என்று நான் கமிட்டியில் பேசினேன். கேமரா வேலைக்கு அஞ்சு நட்சத்திரம், லைவுக்கு இரண்டரை, பில்லின் பின்பக்கத்துக்கு ஒன்றும் கிடையாது, போன் செய்து வழிக்கு வந்ததற்கு ஒன்று.

இந்த வருடம் பில்லில் ஒன்பதாவது நிபந்தனையைப் பேனாவால் அடித்துவிட்டு இரண்டு பேரும் ஓரத்தில் கையெழுத்துப் போட்டோம். தனியாக ஒரு தாளில் மூன்று தரப்பும் சேர்ந்து எழுதியிருக்கிறோம். வீடியோ ஊருக்குச் சொந்தம். ஸ்டுடியோ தன் வேலையைக் காட்ட மூன்று நிமிடம் வரை போட்டுக்கொள்ளலாம். வில்லுப்பாட்டின் ஒலியை அம்மாவைத் தவிர யாரும் எங்கும் பதியக் கூடாது. அவர் பாடியதை அவர் சேனலில் முழுசாகப் போட்டுக்கொள்ள ஸ்டுடியோ நல்ல ஒலியைக் கொடுக்க வேண்டும். ஊர்க்காரர்கள் யார் வெட்டிப் போட்டாலும் குழுவின் பெயர் இருக்க வேண்டும். லைவ் ஓடும்போது ஸ்பீக்கர் செட்டில் சினிமாப்பாட்டு கிடையாது, போட்டே ஆகவேண்டும் என்றால் கம்ப்யூட்டர் பையன் சாப்பிடப் போகக் கூடாது, இந்தக் கடைசி வரியை எழுதச் சொன்னது தர்மகர்த்தா மாமா. ஸ்டுடியோ இதற்காக 2,000 ரூபாய் கூடக் கேட்டது, கொடுத்தோம். உங்கள் ஊருக்கும் இவ்வளவு நீளமாக வேண்டாம், ஆனால் அந்த ஒரு நிபந்தனையை அடிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், கேட்டால் அடித்துக் கொடுக்கிறார்கள், யாரும் கேட்பதில்லை என்பதுதான் விஷயம்.

அம்மா தன் பங்குக்கு ஒன்றே ஒன்று கேட்டார், பணம் இல்லை. வீடியோவில் தன் பெயரோடு உடுக்கை, குடம், ஜால்ரா, கட்டை அடிக்கிற எல்லார் பெயரும் வர வேண்டும். அதுவும் சட்டத்தில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது, நாற்பது வருடமாக நோட்டீஸில் 'குழுவினர்' என்றே அடித்துவருவது அவருக்குத் தெரியும். கையெழுத்துப் போடுகிற அன்றைக்கு ஸ்டுடியோவில் அண்ணாச்சி பெயர்களைக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தார். குடம் அடிக்கிற தாத்தா சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையைப் பிரித்து ஆதார் கார்டை எடுத்து மேசையில் வைத்தார், எழுத்து மாறிவிடக் கூடாது என்று.